சீராக வந்த நான்கு சக்கரங்கள்

1

காரைக்காலில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கூடப்பிறந்த அண்ணன் கடல் தாண்டி அனுப்பிய சீரை, நல்ல நாளும் அதுவுமாக, பத்துப் பேர் பார்க்கக் கழற்றிப் போட்டவள் நான். வரிச்சிக்குடியிலிருந்து அம்மா பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரி அதைத்தான் விசாரிக்கிறாளாம். தலத்தெருவில் இருக்கும் என் கல்லூரித் தோழி ஒருத்தி, "பிரான்சு போனதும் ஒனக்குத் திமிரு வந்துட்டுதாமே?" என்று கேட்டு, சிரிக்கிற பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள். திமிர் எனக்கு வரிச்சிக்குடியிலேயே இருந்தது. இங்கே வந்து புதிதாக வாங்கவில்லை.

மகளுக்குக் காது குத்தி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஊர் தன் பங்குக்கு ஒரு வருடம் பேசிவிட்டது. இனி நான் பேசுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் ஊர் மழையைப் பற்றியும் மீன்குழம்பைப் பற்றியும் கண்ணீர் விட்டு எழுதுவார்கள். எனக்கு அந்தக் கண்ணீர் வராது. ஊரில் மழை பெய்தால் எங்கள் வீட்டுக்குள்ளும் பெய்தது. நான் கார் சக்கரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நிறுத்திவிட்டு என்னைப் பற்றிப் பேசக் கூடாது.

2

பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். நான், கணவர் பிரபு, மகள் மீரா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் செந்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று வயலுக்குப் போனான். நான் காரைக்காலில் எஞ்சினியரிங் முடித்து, உதவித்தொகை வாங்கி, மேல்படிப்புக்கு இங்கே வந்தேன். ரயில் பெட்டிகளின் அடிச்சட்டங்களைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை. இரும்பையும் அலுமினியத்தையும் எந்திரத்தில் பூட்டி, விரிசல் விடும்வரை ஆட்டுவோம். எங்கே விட்டது, ஏன் விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். உலோகம் சொல்லிக்கொண்டு உடைவதில்லை. 'நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது' என்ற பேச்சுக்கு என் தொழிலில் மரியாதை கிடையாது.

கார் என் சம்பளத்தில், என் பேரில் வாங்கியது. மின்சாரக் கார். தினமும் நெடுஞ்சாலையில்தான் வேலைக்குப் போகிறேன். வருடத்தில் பாதி தூறல். வண்டியோடு வந்த பத்தொன்பது அங்குலச் சக்கரம் கனமானது. அதன் மேலிருந்த டயர், சார்ஜை மிச்சம் பிடிப்பதற்கென்றே செய்த கெட்டி ரப்பர். மின்சார வண்டியில் காலை வைத்த உடனேயே முழு விசையும் சக்கரத்துக்கு வந்துவிடும். அடியில் பேட்டரியின் பாரம் வேறு. ஈரமான வளைவில் இரண்டு முறை பின்பக்கம் நழுவியது. மூன்றாவது முறைக்குக் காத்திருக்க நான் தயாரில்லை.

ஆகவே தேடினேன். காதுகுத்துக்கு முந்தைய குளிர்காலம் முழுக்க, மதிய உணவு இடைவேளையில் எல்லோரும் சினிமா பார்க்கும்போது நான் சக்கரம் பார்த்தேன். சக்கரம் சிறிதானால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும். குழியில் விழும்போது அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். சக்கரத்தின் எடை குறைந்தால் வண்டி இலகுவாக நகரும், சார்ஜ் மிஞ்சும். அந்த மிச்சத்தை, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் மென்மையான டயருக்குச் செலவழிக்கலாம். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் டயர் இரைச்சல்தான் காதை அடைக்கும் என்பதால், உட்புறம் பஞ்சு ஒட்டிய டயர். எல்லாவற்றுக்கும் மேலே, பாரம். டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்திலேயே ஓர் எண் இருக்கும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதன் குறி. சக்கரத்திலும் உட்பக்கமாக, ஆரக்காலின் முதுகில், எத்தனை கிலோ என்று பொறித்திருப்பார்கள். பளபளப்பை மட்டும் பார்ப்பவர்கள் சக்கரத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

பதினெட்டு அங்குலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சாம்பல் நிறம், ஐந்து ஆரக்கால், வேறு அலங்காரம் எதுவும் இல்லை.

அந்த வருடப் பொங்கல் விழாவில் பிரபு இதை வாய்தவறிச் சொல்லிவிட்டார். உடனே பஞ்சாயத்து கூடிவிட்டது. பிரபுவின் சித்தப்பா, அதாவது என் சின்ன மாமனார், பக்கத்து ஊரில் ஒரு கராஜ் வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் அப்படிப்பட்ட குடும்பத்தைச் 'சொல்தா வீடு' என்பார்கள். குடியுரிமை அவர்களுக்குத் தொட்டிலிலேயே கிடைத்தது. நான் பரீட்சை பரீட்சையாக எழுதி வந்து சேர்ந்த இடத்தில் அவர் பிறந்தே விட்டார். அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்.

"ஏம்மா கலை, ஊர்ல உள்ளவங்கெல்லாம் வீல பெருசு பண்ணுவாங்க. நீ சிறுசு பண்றியாமே?"

"ஆமா சின்ன மாமா."

"வண்டிக்கு அழகே வீலுதாம்மா. இருபது போடு. நம்ம சனம் ரோட்ல நின்னு பாக்கணும்."

"ரோட்ல நின்னு பாக்குறவங்களுக்காக நான் வண்டி ஓட்டல."

"அதெல்லாம் ஆம்பளைங்க நாங்க பாத்துக்குறோம்மா. நீ கலரு மட்டும் சொல்லு."

"வண்டி எம் பேர்ல இருக்கு சின்ன மாமா. கலரும் நான்தான், வீலும் நான்தான்."

பிரபு தன் தட்டிலிருந்த வடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கடம் வரும்போதெல்லாம் அவர் ஏதாவது ஒரு பலகாரத்துக்குள் இறங்கிவிடுவார்.

சின்ன மாமியார் சமாதானத்துக்கு வந்தார். "சின்னதுதான் வேணும்னா போட்டுக்கட்டுமே. என்னென்ன சைசு இருக்கு?"

"பதினேழும் பொருந்தும் சின்னத்த."

"பதினேழா? ஐயய்யோ. கூட்டுனா எட்டு வருது. திருநள்ளாத்துக்குப் பக்கத்துல பொறந்துட்டு சனி நம்பர வண்டியில மாட்டுவியா?"

"அப்ப பதினெட்டு. கூட்டுனா ஒம்பது."

அவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்த வாரமே பதினெட்டு வாங்கிப் பூட்டிவிட்டேன். முதல் மழையில் அதே வளைவைக் கடந்தபோது வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போனது. அந்த நிம்மதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஓர் அபிப்பிராயம் வரும்.

3

மீராவுக்குக் காது குத்துவது தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம் அண்ணனின் விசா. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். எனக்கு ஒரே அண்ணன், அவளுக்கு ஒரே மாமன். இரண்டு முறை விண்ணப்பித்தான். இரண்டு முறையும் மறுத்தார்கள். வந்தவன் திரும்பிப் போவான் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். குத்தகை நிலத்தில் சம்பா நாற்று விட்டுவிட்டு வந்தவன் திரும்பிப் போகாமல் வேறெங்கே போவான்? நாற்றைப் படம் எடுத்து அனுப்ப விண்ணப்பத்தில் இடம் இல்லை. ஊரில் இருக்கும் சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருவதுபோல இங்கே வந்து போகிறார்கள். என் அண்ணனிடம் மட்டும் ஆதாரம் கேட்கிறது இந்த நாடு.

மீரா இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அவளுக்கு அண்ணனும் 'தோந்தோன்', சின்ன மாமனாரும் 'தோந்தோன்', கீழ்வீட்டுக் கிழவரும் 'தோந்தோன்'. பிரெஞ்சில் எல்லா மாமா, சித்தப்பாவும் அதற்குள் அடக்கம். "அது தோந்தோன் இல்லடி, ஒன் மாமா" என்று நான் திருத்தினால், "அதேதான்மா" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

அண்ணன் இல்லாமலே நாள் குறித்தோம். அப்போதுதான் சின்ன மாமனார் எனக்குத் தெரியாமல் வரிச்சிக்குடிக்கு போன் போட்டார். தாய்வீட்டுச் சீராக நான்கு அலாய் வீல் வாங்கிக் கொடுத்தால் கௌரவமாக இருக்கும், தட்டில் வைக்கும் பழம் அழுகிவிடும், வீல் நிற்கும் என்று பேசியிருக்கிறார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். அளவை எழுதி அனுப்பியது பிரபு. எத்தனை ஓட்டை, எவ்வளவு இடைவெளி, எத்தனை அங்குலம் எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு பாரம் என்று மட்டும் மூன்று ஆண்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உறவுக்காரர் ஒருவரின் சாமான்களோடு கப்பலில் வந்து சேர்ந்தன. கோணிச் சாக்குக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் இருபது அங்குலச் சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் அம்மா மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். கண்ணாடிபோல மின்னின. அழகு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். ஆரக்காலின் முதுகில் 560 என்று இருந்தது.

கணக்கு சுலபம். ஆளும் சாமானும் ஏறினால் என் காரின் பின் அச்சில் ஆயிரத்து முந்நூறு கிலோவரை இறங்கும். அதில் பாதி ஒரு சக்கரத்துக்கு: அறுநூற்றைம்பது. அதுவும் வண்டி நிற்கும்போது. ஓடுகையில் ஒரு குழியில் இறங்கினால் அந்தப் பாரம் அடியாக விழும். டயர் மாற்றும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவன் எண்ணைப் பார்த்ததும் சக்கரத்தை என் பக்கமே தள்ளிவிட்டான். காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். சான்று இல்லாத சக்கரத்தில் எது நடந்தாலும் அவர்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. இதே நாடுதான் அண்ணனையும் தாள் இல்லை என்று திருப்பியது. சக்கரத்தைத் திருப்பியதில் நியாயம் இருந்தது. அண்ணனைத் திருப்பியதில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அன்று மாலையே அண்ணனுக்குப் போன் போட்டேன். மறைத்து வைக்கவில்லை. கதை சொல்கிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

"அண்ணே, வீலு வந்துருச்சு."

"எப்படி இருக்கு? மொகம் பாக்கலாம் போல இல்ல?"

"நல்லா இருக்கு. ஆனா வண்டியில போட முடியாது."

"ஏன், ஓட்ட பொருந்தலையா? மாப்ள அளவு அனுப்புனாரே."

"ஓட்டையெல்லாம் சரிதான். ஒரு வீலு ஐநூத்தி அறுபது கிலோதான் தாங்கும்ணே. என் வண்டிக்கு அறநூத்தம்பது வேணும்."

"அத எழுதி வெச்சுருப்பானுவோ. நம்ம ட்ரெய்லர்ல எழுதுன அளவா பாத்து நெல்லு மூட்ட ஏத்துறோம்? நீ பாத்ததில்லையா?"

"ட்ரெய்லர் உருண்டுக்கிட்டுப் போவுது. நான் நூத்தி முப்பதுல போறேன்ணே. பின்னால மீரா ஒக்காந்துருப்பா."

அவன் போனோடு திண்ணையை விட்டு எழுந்து நடப்பது கேட்டது. பிறகு சொன்னான்: "எம் மடியில ஒக்காத்தி வெக்கத்தான் எனக்குக் குடுத்து வெக்கல. எம் பொருளு மேலயாச்சும் ஏறி அந்தக் காதுகுத்துக்கு வரட்டும்னு பாத்தேன்."

"தெரியும்ணே. சீர்த்தட்டோட மண்டபத்துல வெப்போம். எல்லாரும் பாப்பாங்க."

"தட்டுல வெக்கிறதுக்கு அது என்ன வாழத்தாரா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

4

காதுகுத்துக்கு முதல் நாள், வண்டியைக் கழுவி வருகிறோம் என்று பிரபுவும் சின்ன மாமனாரும் எடுத்துப் போனார்கள். மறுநாள் காலை, பட்டுப்புடவையில் மீராவைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். வாசலில் என் கார் இருபது அங்குலச் சக்கரத்தில் நின்றது. நான்கிலும் புதுக் குங்குமம். ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம். சின்ன மாமனார் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வரிச்சிக்குடியில் அண்ணன், அவன் தோளுக்குப் பின்னால் அம்மா, அவருக்குப் பின்னால் தெருவே நின்றது.

"பாத்தீங்களா தம்பி! எப்புடி ஜொலிக்குது பாருங்க, ஒங்க சீரு!"

நான் பின்சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்றேன். "என் வீலு நாலும் எங்க சின்ன மாமா?"

"கராஜ்ல பத்திரமா இருக்கும்மா. மண்டபத்துக்குப் போயிட்டு வந்து பேசிக்குவோம். ஏறு, ஏறு."

"இதுல மீராவ ஏத்த மாட்டேன்."

"ஒரு நாளைக்குத்தானே. ஒரே ஒரு நாளு தாங்காதா அது?"

"அத என்கிட்ட கேக்குறீங்களா? அத ஒடச்சுப் பாக்குறதுதான் என் வேல."

போனுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "கலை, ஏறும்மா. நல்ல நேரம் போவுது பாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "ஒனக்கும் தெரியுமாண்ணே?"

"நாந்தான் போடச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்ததா என்று பின்னால் அந்தத் தலத்தெருத் தோழி கேட்டாள். கோபத்துக்கு எல்லாம் நேரம் இல்லை. என் பேரில் இருக்கிற வண்டி, என் வயிற்றில் பிறந்த பிள்ளை, நான் படித்த படிப்பு. மூன்றிலும் எனக்குச் சொல் இல்லை என்று மூன்று ஆண்கள் இரண்டு நாடுகளிலிருந்து பேசி முடித்திருந்தார்கள். பிரபுவைப் பார்த்தேன். அன்று கையில் பலகாரம் எதுவும் இல்லை.

"என்னங்க, வீல எடுத்துட்டு வாங்க."

"டேய், போவாத. மண்டபத்துல அத்தன பேரு காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் சின்ன மாமனார்.

பிரபு அவர்முன் கையை நீட்டினார். "சாவி குடுங்க சித்தப்பா." நீட்டிய கையை அவர் மடக்கவே இல்லை. கல்யாணமாகி அவரை நான் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் முறை. சின்ன மாமனார் கராஜ் சாவியையும் வேன் சாவியையும் கொடுத்துவிட்டு, கொடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பிரபு திரும்பி வருவதற்குள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜாக்கியை எடுத்து வைத்து, நட்டுகளைத் தளர்த்தினேன். அவை ஏற்கெனவே சரியாக முறுக்கப்படாமல்தான் இருந்தன. அதையும் கதையில் யாரும் சேர்ப்பதில்லை. மீரா பட்டுப்பாவாடையோடு படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். முதல் மாடிக் கிழவி ஜன்னலைத் திறந்து, உதவிக்கு யாரையாவது கூப்பிடட்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். "வேண்டாம், இது குடும்ப விஷயம்" என்றேன். சின்ன மாமனார் மட்டும் போனை இறக்கவில்லை. "பாருங்க தம்பி, ஒங்க தங்கச்சி பண்ற வேலைய நல்லா பாருங்க" என்று சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஊரில் ஓடும் கதைக்கு ஒளிப்பதிவு அவர்தான்.

பிரபு வந்தார். ஒரு சக்கரத்தைக் கழற்றி அதன் இடத்தில் என்னுடையதைப் பூட்டி, அடுத்ததற்குப் போனோம். முதலில் கழற்றிய சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் போன்முன் கவிழ்த்தேன்.

"அண்ணே, இதப் படி."

"என்னத்த?"

"எழுதியிருக்கே, அதப் படி."

"அஞ்சு... ஆறு... சைபரு."

"இதுதான் நான் அன்னைக்கு ஒன்கிட்ட சொன்னது. ஒன் சீர நான் வேணாங்கல. ஒன் மருமவள இதுமேல ஏத்துறதுதான் வேணாங்குறேன்."

அவனுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அண்ணன் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். "தெரு முழுக்க நிக்குது. என்னய அசிங்கப்படுத்திட்ட கலை" என்றான். திரை கறுத்தது.

மீதி மூன்றையும் மாற்றி, முறுக்கு அளக்கும் ஸ்பானரால் ஒவ்வொரு நட்டையும் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எலுமிச்சம்பழங்களை வண்டியால் நசுக்கியாயிற்று. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

5

மண்டபம் போனபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. யாரும் எங்களை வாங்க என்று கூப்பிடவில்லை. புடவையில் கிரீஸ். காது குத்தும் ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மாமன் யாருங்க? வந்து ஒக்காருங்க."

சின்ன மாமனார் தன் மகனை முன்னால் தள்ளினார். "இவன் ஒக்காரட்டும். எல்லாம் ஒண்ணுதான்."

"அவரு மீராவுக்குச் சித்தப்பா முறை" என்றேன். "மாமன் முறை இல்ல. மூணு தலைமுறை பிரான்சுல இருந்தா முறை மறந்துருமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ இருமினார்கள். மாமனுக்குப் போட்டிருந்த மணையில் நான் உட்கார்ந்தேன். மீராவை மடியில் வைத்துக்கொண்டேன். பெண் உட்காரலாமா என்று ஆசாரி கேட்கவில்லை. அவருக்கு அடுத்த வேலை இருந்தது. ஊசி இறங்கியபோது மீரா பிரெஞ்சில் அலறினாள். அந்த மொழியில் அவளுக்கு அவ்வளவு வசவு தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாமா எங்கே என்று அவள் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. அதை நான் அங்கிருந்த யாருக்கும் காட்டவில்லை.

6

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். பிரபு போன் செய்தால் எடுப்பான், என் குரல் கேட்டால் வைத்துவிடுவான். தீபாவளிக்கு மீராவுக்கு மட்டும் வாழ்த்து வந்தது. சின்ன மாமனார் வீட்டில் எங்களுக்கு அழைப்பு நின்றுவிட்டது. அதில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் அண்ணன் விஷயம் வேறு. என்னைச் சைக்கிளில் வைத்துக் கல்லூரிக்கு மிதித்துக்கொண்டு போனவன் அவன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி அம்மா அழுதார். என்ன குற்றத்துக்கு என்று கேட்டேன். மீரா சாப்பிட்டாளா என்று அம்மா விசாரித்தார்.

தை பிறந்து சில நாளில் என் போனுக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. ஏதோ ஒரு கடையில் ஒரு சக்கரத்தைக் கவிழ்த்து, உட்பக்கத்தைப் படம் எடுத்திருந்தான். 690 என்று தெரிந்தது. நன்றாக யோசித்து, "போதும்" என்று மட்டும் எழுதினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தன. அவன் நண்பனின் கார்ச் சக்கரம். கடன் வாங்கி யாரோ வாங்கிய சரக்கு வண்டியின் டயர். அம்பகரத்தூர் கோயில் வாசலில் புதுக் காருக்குப் பூஜை நடக்கும்போது, கற்பூரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து எடுத்த ஒரு டயரின் பக்கச்சுவர். பூஜை போட்ட குடும்பம் அவனை என்ன நினைத்திருக்கும் என்று தெரியவில்லை. எந்த வண்டி என்று தெரிகிற மாதிரி ஒரு படமும், எண் தெரிகிற மாதிரி ஒரு படமும் அனுப்புவான். நான் பார்த்து, தேவைப்பட்டால் தேடி, "போதும்" என்றோ "போதாது" என்றோ எழுதுவேன். இந்த இரண்டு சொல்லைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. சௌக்கியமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

போன வாரம் வந்தது ஒரு பள்ளிக்கூட வேன். வரிச்சிக்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன்தான். முதல் படத்தில் பக்கவாட்டுக் கம்பியில் புத்தகப் பைகள் கொத்தாகத் தொங்கின. உள்ளே பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது படத்தில் டயர். எண்ணைப் பார்த்தேன். ஏதோ ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றி மாட்டியது. பக்கச்சுவர் முழுக்க வெடிப்பு. "போதாது" என்று எழுதினேன். முதல் தடவையாக அவனிடமிருந்து பதில் வந்தது: "நல்லா பாத்தியா". "பார்த்தேன். போதாது" என்றேன்.

மறுநாள் அலுவலகத்தில் இருந்தபோது அம்மா கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"ஒங்கண்ணன் என்னா காரியம் பண்ணிருக்கான் தெரியுமாடி? வேனு முன்னால போயி நின்னுட்டான். டயர மாத்தாம நவுத்தக் கூடாதுங்குறான்."

"நவுத்துனாங்களா?"

"எங்க நவுத்துறது? இவன் டயருக்கு முன்னால ஒக்காந்துட்டான்ல. வேன்காரன் ஏசுறான், பெத்தவங்க ஏசுறாங்க, பள்ளிக்கொடத்துக்கு நேரமாவுதுன்னு. மேலத்தெருக்காரி ஒருத்தி நடுவுல வந்து, தங்கச்சிக்காரி சீரக் கழட்டுனா, அண்ணங்காரன் வேனக் கழட்ட வந்துட்டான், இது என்னாடி குடும்பம்னு கேக்குறா."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"எந் தங்கச்சி போதாதுன்னு சொல்லிட்டா, போதாதுன்னே சொல்லிக்கிட்டு இருந்தான். ரெண்டு மூணு பேரு அவனத் தூக்க வந்துட்டானுவோ."

"ஐயோ. நீ என்னம்மா பண்ண?"

"நா என்னாத்தப் பண்றது? அவனுவோ சண்ட போடட்டும்னுட்டு, வேன் கதவத் தொறந்து, எறங்குங்க கண்ணுவளா, நடந்தே போவலாம்னு பிள்ளைங்கள அழச்சுக்கிட்டுப் போயி பள்ளிக்கொடத்துல வுட்டுட்டு இப்பத்தான் வர்றேன்."